மலக்கி டீஹன் தூங்கிய வீடு

என் தம்பி மலக்கி டீஹன் செத்தபோது எங்கள் கவுண்டி, அதாவது மாவட்டப் பத்திரிகையில் கால் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். கில்மோரனுக்கு முதல் ஹர்லிங் கோப்பையை வாங்கித் தந்தவன், இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவன், தங்கமான மனுஷன், இத்யாதி. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். கோபத்தில் இல்லை, அடுப்புப் பற்றவைக்கத் தாள் வேண்டியிருந்தது. சரி, கோபமும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கோப்பைக்கு அவன் என்ன விலை கொடுத்தான் என்று எழுதியவருக்குத் தெரியவில்லை. தெரிந்த எங்கள் ஊர்க்காரர்களோ அதைத் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அது இன்னும் மோசம்.

அவனைவிட நான் சில வயது மூத்தவள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா, நான், அவன் என்று மூன்று பேர்தான் வீட்டில். நடக்கத் தெரிந்த நாள்முதல் அவன் கையில் ஹர்லிங் மட்டை இருந்தது. வீட்டின் பின்சுவரில் பந்தை அடிப்பான், திரும்பி வருவதை மறுபடி அடிப்பான், இப்படியே பொழுது சாயும்வரை. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும், சுவர் தட் தட்டென்று அதிர்ந்துகொண்டிருக்கும். "டேய், என் மண்டைக்குள்ள அடிக்காதடா!" என்று அம்மா கத்துவாள். ஆனால் சத்தம் நின்றால்தான் இருவரும் பதறிப்போய் எட்டிப் பார்ப்போம். சுண்ணாம்பு உதிர்ந்து அந்தச் சுவர் சொறி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. வருஷா வருஷம் நான்தான் வெள்ளையடித்தேன்.

பெரியவர்கள் அணியில் சேர்த்துக்கொண்டபோது அவனுக்கு இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. ஆளும் ஒல்லி. எல்லாம் மணிக்கட்டில்தான் இருந்தது. மற்றவர்கள் மட்டையை ஓங்குவதற்குள் இவன் அடித்து முடித்திருப்பான். முதல் ஆட்டமே ஆற்றுக்கு அந்தப்பக்கத்து டிரம்லெஸ்க் அணியோடு. அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் ஒருவன், மாட்டுக்கொட்டகைக் கதவு அகலம் இருப்பான், இவனைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடா பொடியா, உங்கம்மா உன்னை இங்க விட்டுட்டுப் போயிட்டாளா?"

"ஆமாண்ணே. ஆட்டம் முடியிற வரைக்கும் உங்களைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா."

அன்று தோற்றோம். எப்போதும் தோற்போம். ஆனால் அந்த ஒற்றைப் பதிலை வைத்துக்கொண்டே எங்கள் ஊர் ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிட்டது. இரண்டு விரல் வளைந்துபோய், முன்பல் ஒன்று போய், புருவத்தில் தையலோடு, ஒவ்வொரு ஞாயிறும் ஆடிவிட்டு வருவான். கவுண்டி அணிக்குக்கூட ஒருமுறை கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தான். வருத்தமா என்று கேட்டேன். "கவுண்டிக்கு ஆள் நிறைய இருக்குக்கா. கில்மோரனுக்கு நான்தானே இருக்கேன்" என்றான். பெருமையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். அவனுக்கு வந்த கேடெல்லாம் அந்த நினைப்பில் வந்ததுதான்.

கில்மோரன் அதுவரை ஒருமுறைகூடக் கோப்பை வாங்கியதில்லை. டிரம்லெஸ்க் வீட்டு அலமாரிகளிலோ பதக்கங்கள் தூசி படிந்து கிடக்கும். இரண்டு ஊருக்கும் தனித்தனிக் கோயில், தனித்தனிப் பங்கு; நடுவே ஓர் ஆறு, ஒரு பாலம், அவ்வளவுதான். எங்கள் முற்றத்தில் நின்றால் அந்தப்பக்கத்து மாட் லோக்னன் வீட்டுப் புகைபோக்கி தெரியும். அவர் ஒரு காலத்தில் டிரம்லெஸ்க் கோல் காத்தவர். பெண்டாட்டி இல்லை. ஒரே மகள், ஹன்னா. நல்ல நிலம், நல்ல மாடுகள்.

கதிரடிக்கும் இயந்திரம் அவர் வீட்டுக்கு வந்த நாளில் மலக்கி உதவிக்குப் போனான். சும்மா போனவன் மறுநாளும் போனான். இயந்திரம் வேறு வீட்டுக்குப் போன பிறகும் போனான். ஹன்னா அழகி என்று சொல்ல மாட்டேன். வாய் இருந்தது. சிரித்தால் பக்கத்து வயலுக்குக் கேட்கும். இருவருக்கும் நிச்சயமானபோது அம்மா சந்தோஷத்தில் அழுதாள். கஸ் டார்சி துக்கத்தில் அழாத குறை.

கஸ் டார்சி எங்கள் ஊரில் மதுக்கடையும் மளிகைக்கடையும் ஒன்றாக வைத்திருந்தவர். ஹர்லிங் சங்கத்துக்குத் தலைவர். எந்தப் பங்கில் படுத்து எழுகிறானோ அந்தப் பங்குக்குத்தான் ஒருவன் ஆட முடியும் என்பது விதி. மலக்கி லோக்னன் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால், அன்றோடு அவன் டிரம்லெஸ்க் ஆட்டக்காரன். எதிரிக்கு இருக்கிற கோப்பை போதாதென்று எங்கள் பையனையும் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வைத்த தேநீரைத் தொடக்கூட இல்லை.

"இத பாரு மலக்கி. பகல் முழுக்க நீ மாமனார் வீட்ல இரு. மாடு கற, புல்லு வெட்டு, பொண்டாட்டி கையால சாப்பிடு. யாரு வேணாங்கறா? பொழுது சாஞ்சா மட்டும் பாலத்தைத் தாண்டி அம்மா வீட்டுக்கு வந்து படுத்துக்க. செப்டம்பர் வரைக்கும்தான். இந்த வருஷம் நம்ம அணி எப்படியிருக்குன்னு உனக்கே தெரியும். இந்த வருஷம் இல்லைன்னா நான் சாகறதுக்குள்ள இல்ல."

"கஸ் அண்ணே, எனக்குக் கல்யாணம்" என்றான் மலக்கி.

"தெரியும்டா. தேனிலவுக்கு டிராமோர் போ, கடலைப் பாரு. அது எந்தப் பங்குலயும் சேராது."

நான் கரண்டியோடு திரும்பினேன். "வெக்கமா இல்லையா உங்களுக்கு? புதுசாக் கட்டிக்கிட்டவனை அம்மா வீட்ல படுக்கச் சொல்றீங்களே."

"டெஸ், உனக்கு ஹர்லிங் புரியாது."

"எனக்குப் புருஷன் பொண்டாட்டி புரியும்."

கல்யாணமே ஆகாதவள் இப்படிச் சொன்னதும் கஸ் விழுந்து விழுந்து சிரித்தார். மலக்கியும் சிரித்தான். பேச்சு அதோடு முடிந்தது. அவன் சம்மதித்துவிட்டான் என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது.

ஹன்னாவும் ஒத்துக்கொண்டாள், அதையும் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டபோது முதலில் முறைத்தாள், பிறகு அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் காதலிக்கலாம்னு சொல்றே. சரி, செப்டம்பர்வரை காதலிச்சுக்கோ" என்றாள். அவளுடைய அப்பா மாட் லோக்னனுக்கு இதைவிட வேடிக்கை வாழ்க்கையில் கிடைத்ததில்லை. எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்வார்: "என் மாப்பிள்ளை என் வீட்ல சாப்பிடறான், என் மாட்டைக் கறக்கறான், என் பொண்ணைக் கட்டியிருக்கான். ஆனா எங்க ஊரைத் தோக்கடிக்கணும்னு என் வீட்ல தூங்க மட்டும் மாட்டேங்கறான்!" அவருக்கு மலக்கியை ரொம்பப் பிடித்திருந்தது.

தவக்காலம் தொடங்கும் முன் கல்யாணம் நடந்தது. டிராமோரில் கடலைப் பார்த்தார்கள். திரும்பி வந்த அன்று பாலத்தின் மேல் அவர்கள் பிரிந்ததை நான் பார்த்தேன். ஹன்னா பெட்டியை வாங்கிக்கொண்டு அந்தப்பக்கம் போனாள், இவன் இந்தப்பக்கம் வந்தான். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள்போல் இருவரும் கையை ஆட்டினார்கள்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் இரண்டு ஊரும் கோமாளிக் கூத்தாக இருந்தது. சாயங்காலமானால் டிரம்லெஸ்க் ஆண்கள் பாலத்தருகே தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார்கள். மீன் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் பிடிக்க வந்தது மலக்கியை. இவன் சைக்கிளில் வருவான்.

"என்ன மலக்கி, இவ்வளவு சீக்கிரம்? பொண்டாட்டி விரட்டிட்டாளா?"

"நீங்க குளிர்ல உக்காந்திருக்கீங்களேன்னு பாவப்பட்டு வந்தேன்."

"ஒருநாளாவது தூங்கிப் போயிடுவேடா, பாத்துக்கிட்டே இரு."

"தூங்கினா எழுப்பி விடுங்கண்ணே, உங்களுக்குத்தான் புண்ணியம்."

எங்கள் ஊர்க்காரர்கள் இந்தப்பக்கம் நின்று கை தட்டுவார்கள். இவன் வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பு போய்விடும். அம்மா கொடுத்ததைச் சாப்பிடுவான், மாடிக்குப் போவான். அவனுடைய அறை ஜன்னல் ஆற்றுப்பக்கம். "அக்கா, ஹன்னா வீட்ல இன்னும் விளக்கு எரியுது" என்று அங்கிருந்து சொல்வான். "எரிஞ்சா எரியட்டும், படு" என்பேன். வேறென்ன சொல்ல?

கில்மோரன் ஜெயித்துக்கொண்டே போனது. அறுப்பு முடிந்த நேரத்தில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரணி டிரம்லெஸ்க். இதைவிட வேறெதுவும் இரண்டு ஊருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலையில் மாட் லோக்னன் பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர், ஒரு கேனைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மறுபடி எழுந்திருக்கவில்லை. மலக்கி பக்கத்தில்தான் இருந்தான். இவன்தான் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். இவன்தான் சாமியாருக்கு ஓடினான். நான் போய்ச் சேரும்போது கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடி, கிழவரைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். கையில் ஜெபமாலை. ஹன்னா கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் தம்பி இல்லை, அத்தை மாமா இல்லை. வந்தவர்கள் கையைப் பிடித்துத் துக்கம் சொல்லும்போது அவளுக்குப் பக்கத்தில் நிற்பதற்கு என் தம்பி ஒருவன்தான்.

நின்றான். அன்று பகல் முழுக்க நின்றான். அதில் குறை சொல்ல மாட்டேன். டிரம்லெஸ்க் அணித் தலைவன் வந்து, ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கட்டுமா என்று ஹன்னாவிடம் மெதுவாகக் கேட்டான். "வேணாம். எங்கப்பா எழுந்து வந்து உதைப்பார். ஆடுங்க" என்றாள் அவள். அழுதுகொண்டே சிரித்தாள்.

சாவு வீட்டில் விடியும்வரை விழித்திருப்பது எங்கள் வழக்கம். இறந்தவரைத் தனியாக விடக்கூடாது. ஊரே வந்து உட்காரும். தேநீர், ரொட்டி, புகையிலை, ஜெபமாலை, இறந்தவரைப் பற்றிய கதைகள், கொஞ்சம் சிரிப்புகூட. வீட்டுக்காரர்கள் நகரக்கூடாது. இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் கஸ் டார்சி வந்தார். ஒழுங்காக முழங்காலிட்டு ஜெபம் செய்தார். பிறகு மலக்கியின் முழங்கையைத் தொட்டு வெளியே கூட்டிப்போனார். நான் கரி எடுக்கக் கொட்டகைக்குப் போனவள், இருவரும் சுவருக்கு அந்தப்பக்கம் பேசுவதைக் கேட்டேன்.

"கிளம்புற நேரமாச்சு மலக்கி."

"கஸ் அண்ணே, இது சாவு வீடு."

"சாவு வீடுதான். கூரை யாரு கூரை? டிரம்லெஸ்க் முழுக்க உள்ள உக்காந்திருக்கு. ராத்திரி பூரா நீ இங்க இருந்தேன்னு கோயில்ல சத்தியம் பண்ண ஒவ்வொருத்தனும் தயாரா இருக்கான். இத்தனை மாசம் காப்பாத்தினதை ஒரு ராத்திரியில விடுவியா? உன்கூட ஆடுற மத்த பதினாலு பேரை நினைச்சுப் பாரு."

நான் கரிக்கூடையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே போனேன்.

"அவ தனியா இருக்காடா. அவங்கப்பா செத்துக் கிடக்கார். நீ எங்க போறே?"

"விடியறதுக்கு முன்னாடி வந்துடுவேன்கா."

"ராத்திரி போனப்புறம் வந்து என்னத்தைப் புடுங்கப்போறே?"

"டெஸ், கத்தாதே, சாவு வீடு" என்றார் கஸ். அவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சாமியார் உள்ளே இருந்தார்.

மலக்கி ஹன்னாவிடம் போனான். குனிந்து காதில் ஏதோ சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள்போல, உதட்டோரம் சிரிப்புகூட வந்தது. பிறகு அது போய்விட்டது. "போறதுன்னா போ" என்றாள்.

வாசலில் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலமான பிடி என்னுடையது. அவன் ஒவ்வொரு விரலாக மெதுவாக எடுத்துவிட்டான். அன்று பாலத்தில் தூண்டிலோடு யாரும் இல்லை. எல்லாரும் சாவு வீட்டுக்குள் இருந்தார்கள்.

நான் ஹன்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்தவர்களெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரன் எங்கம்மா?" என்று கேட்டார்கள். "வீட்டுக்குத் தூங்கப் போயிருக்கார்" என்றாள். கேட்டவர்களுக்குத்தான் கூச்சமாயிருந்தது. அவள் ஒவ்வொருவரிடமும் ஒரே குரலில் அதையே சொன்னாள். ஜெபமாலை தொடங்கியதும் கேட்பதை நிறுத்தினார்கள்.

விடியும் முன் வந்தான், சொன்னபடியே. பெட்டியைத் தோளில் சுமந்தான், குழியில் மண் போட்டான். ஹன்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

ஞாயிறு ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர் எழுதியது சரிதான். கையில் கறுப்புப் பட்டையோடு ஆடினான். அதற்கு முன்னும் பின்னும் அவன் அப்படி ஆடியதில்லை. முதல் கோலைத் தரையோடு அடித்தான். பந்தை யாரும் பார்க்கவில்லை, வலை ஆடுவதைத்தான் பார்த்தோம். கடைசியில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். நேரம் இல்லை. உயரத்தில் வந்த பந்தை நாலு பேருக்கு நடுவே எம்பிக் கையால் பிடித்து, விழுந்துகொண்டே உள்ளே தட்டிவிட்டான். ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. ஒரு புள்ளியில் ஜெயித்தோம். ஆண்கள் அழுதார்கள். அம்மா தொப்பியைத் தூக்கி எறிந்தாள், திரும்பக் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் ஊரின் எல்லா முக்கிலும் நெருப்பு மூட்டினார்கள். நானும் கத்தினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். கத்திக்கொண்டே ஆற்றுக்கு அந்தப்பக்கம் பார்த்தேன். ஹன்னா வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது.

டிரம்லெஸ்க் பள்ளி ஆசிரியர் குவெர்க் அவர்கள் சங்கத்துக்குச் செயலாளர். அந்த வாரமே ஆட்சேபம் கொடுத்தார். மலக்கி டீஹன் டிரம்லெஸ்க்கில் குடியிருப்பவன், ஆட்டம் செல்லாது, கோப்பை டிரம்லெஸ்க்குக்கு என்று. விசாரணை டவுனில் ஓர் ஓட்டலின் மேல்மாடி அறையில் நடந்தது. விசாரித்தவர் ஃபாதர் மினோக், இரண்டு பங்கிலும் சேராத ஒரு நிதானமான கிழவர். இந்தப்பக்கம் கில்மோரன், அந்தப்பக்கம் டிரம்லெஸ்க். அறை முழுக்க ஈரக் கோட்டு வாடை.

அவர்களுடைய சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஒருவன், காலையில் லோக்னன் முற்றத்தில் மலக்கியின் சைக்கிளைப் பார்த்தேன் என்றான். "மாடு கறக்கப் போனான், உன்னைமாதிரி மத்தியானம் வரைக்கும் தூங்கலை" என்று கஸ் குரல் கொடுத்தார். இன்னொருவன், மலக்கியின் சட்டைகள் அந்த வீட்டுக் கொடியில் காய்ந்தன என்றான். "சட்டைதானே காஞ்சுது, மலக்கி காயலையே" என்று யாரோ சொல்ல, ஃபாதர் மினோக்கே வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் ஆசிரியர் குவெர்க், ஹன்னா டீஹனைக் கூப்பிடுகிறேன் என்றார். சிரிப்பு நின்றது. அவர் கெட்டவர் இல்லை. புதிதாகக் கல்யாணமான ஒருவன் இத்தனை மாதத்தில் ஒருநாள்கூடப் பெண்டாட்டியோடு தங்கவில்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். சத்தியம் வாங்கிக் கேட்டால் அவள் ஒரு இரவையாவது ஒத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டார். ஒரு இரவு போதும் அவருக்கு.

ஹன்னா கறுப்புக் கோட்டோடு எழுந்தாள். துணைக்கு வந்திருந்த நான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டேன். எதிரே என் தம்பி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் டிரம்லெஸ்க்கில உங்க வீட்ல உங்க புருஷன் ராத்திரி தங்கினதுண்டா?"

"இல்லை சார்."

"ஒரு ராத்திரிகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை. எங்கப்பா செத்துக் கிடந்த ராத்திரிகூட இல்லை."

கஸ் டார்சி மேசையை ஓங்கிக் குத்தினார். கில்மோரன் முழுக்க எழுந்து ஆரவாரம் செய்தது. தொப்பிகள் பறந்தன. ஒருவன் மலக்கியின் முதுகில் தட்டினான், இன்னொருவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். என் வாழ்நாளில் அத்தனை முட்டாள்களை நான் ஒரே அறையில் பார்த்ததில்லை. மலக்கி அசையவில்லை. ஹன்னாவும் அசையவில்லை. சத்தம் ஓயட்டும் என்று அவள் பொறுமையாக நின்றாள்.

ஃபாதர் மினோக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொன்னே? சாவு வீட்டு ராத்திரியா?" பிறகு மலக்கியைப் பார்த்தார். "ஏம்ப்பா, பிணத்துக்குப் பக்கத்துல முழிச்சிருக்கறதைக் குடியிருக்கறதுன்னு யாராவது சொல்லுவாங்களா? அதை யாரும் கணக்குல எடுத்திருக்க மாட்டோமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? யாரு உனக்கு அப்படிச் சொன்னது?"

மலக்கி கஸ்ஸைப் பார்த்தான். கஸ் கீழே விழுந்த தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆட்சேபம் தள்ளுபடி.

வெளியே படிக்கட்டில் மலக்கி அவளை எட்டிப் பிடித்தான். "ஹன்னா" என்றான்.

"ஜெயிச்சாச்சு மலக்கி. போ, உனக்காகக் காத்திட்டிருக்காங்க" என்றாள். குரலில் குத்தல்கூட இல்லை. அவன் போகவில்லை. எங்களோடு பஸ்ஸில் வந்தான். அன்று சாயங்காலமே அம்மா வீட்டிலிருந்த தன் பெட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினான்.

அவள் கதவைத் திறந்தாள். படுக்கை போட்டு வைத்திருந்தாள். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். சண்டை என்று ஒன்று அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. அந்த இரவைப் பற்றி அவள் ஒருநாளும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவன் மன்னிப்பாவது கேட்டிருப்பான். பக்கத்து வயலுக்குக் கேட்கும் அந்தச் சிரிப்பு மட்டும் பிறகு வரவில்லை. அவள் சிரிக்காதவள் இல்லை; வாயை மூடிக்கொண்டு, மற்றவர்களைப்போல் சிரித்தாள்.

அடுத்த வருஷம் விதிப்படி அவன் டிரம்லெஸ்க் ஆட்டக்காரன். அவர்களே வந்து கூப்பிட்டார்கள். மனசு கேட்காமல் ஒருநாள் பயிற்சிக்குப் போனான். நன்றாகத்தான் ஆடினான், பந்தையும் கொடுத்தார்கள். இருட்டத் தொடங்கியபோது ஒருவன் விளையாட்டாகச் சொன்னான்: "மலக்கி, பொழுது சாஞ்சிடுச்சு பாரு. அம்மா வீட்டுக்குக் கிளம்பலையா?" எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டான். அதோடு சரி. இன்னும் பல வருஷம் ஆடியிருக்கக்கூடிய உடம்பு.

அதன்பிறகு இரண்டு பங்கிலும் யார் செத்தாலும் மலக்கி போவான். தெரிந்தவரோ தெரியாதவரோ, சாயங்காலம் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தால், விடிந்து பெட்டியை மூடும்வரை எழுந்திருக்க மாட்டான். பாவம், பக்தியான மனுஷன் என்று சொல்வார்கள்.

கோப்பை வாங்கி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு எங்கள் ஊர் மைதானத்தில் விழா எடுத்தார்கள். அவன் போக மாட்டேன் என்றான். ஹன்னாதான் கோட்டைத் தூசி தட்டிக் கொடுத்து, தானும் கூட வந்தாள். பழைய ஆட்டக்காரர்கள் வழுக்கையும் தொப்பையுமாக வரிசையில் நின்றார்கள். தொண்டு கிழவராகிவிட்ட கஸ் டார்சி மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடுகிறவரா?

"மலக்கி டீஹனைப்போல ஒரு கில்மோரன்காரன் பொறந்ததில்ல! சொந்த மாமனார் செத்துக் கிடக்கும்போதுகூட, நம்ம ஊருக்காக, பொண்டாட்டியை விட்டுட்டு அம்மா வீட்டுக்கு வந்து படுத்தான்! இந்தக் காலத்துப் பசங்கள்ல எவனாவது செய்வானா?"

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஹன்னா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவளும் எழுந்து நின்றாள். மடியிலிருந்த கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரையும்போல் கை தட்டினாள், எல்லாரும் நிறுத்தியபோது நிறுத்தினாள்.

திரும்பி வரும்போது அவள் மகளோடு முன்னால் நடந்தாள். நானும் மலக்கியும் பின்னால். பாலம் வந்ததும் அவன் நடையைக் குறைத்தான்.

"அன்னைக்கு விசாரணையில அவ பொய் சொல்லியிருக்கலாம்க்கா" என்றான்.

"என்னடா சொல்றே? கோப்பை போயிருக்குமே."

"போயிருக்கும். போனா என்ன? அவங்கப்பா செத்துக் கிடந்த ராத்திரி நான் அவ பக்கத்துல இருந்தேன்னு விசாரணை ஏட்டுல எழுதியிருப்பாங்க. ஊரும் அப்படியே சொல்லிச் சொல்லி, கொஞ்ச காலத்துல அவளும் நம்பியிருப்பா."